குன்னூர்க் காற்றை எதைக் கொண்டு அளப்பது?

மலையில் காற்று சுத்தம் என்று சொல்லிச் சொல்லியே அதை அளக்கும் யோசனை நமக்கு வராமல் போய்விட்டது. மே மாதத்துச் சனிக்கிழமை மாலை குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்து நிமிடம் நின்றால் அந்தச் சுத்தத்தின் மேல் கொஞ்சம் சந்தேகம் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறிவரும் வண்டிகள், டீ ஃபேக்டரிகளில் இலை உலர்த்த எரியும் விறகு, ஹோட்டல் அடுப்புகள், காட்டேஜ்களில் ராத்திரி போடும் கணப்பு, ஓடையோரம் யாரோ கொளுத்திவிட்டுப் போகும் குப்பை, புதிதாக எழும் கட்டடங்களின் தூசி, பிப்ரவரி மார்ச்சில் காட்டுத்தீ என்று எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் வந்து கலக்கின்றன. போதாததற்கு, பகலில் வெயில் ஏறியதும் சமவெளிக் காற்று தன் புகையையும் சுமந்துகொண்டு மலைச்சரிவில் மேலே வருகிறது. இத்தனைக்கும் சேர்த்து நம் தெருவில் எவ்வளவு என்று கேட்டால்தான் பதில் இல்லை.

சரி, ஒரு குடியிருப்போர் சங்கமோ பள்ளியோ வியாபாரிகள் சங்கமோ ‘நாமே அளந்து பார்த்துவிடலாம்’ என்று கிளம்பினால் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது? கையில் இரண்டு லட்ச ரூபாய், ஒரு வருட அவகாசம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பஸ் ஸ்டாண்ட் என்று வரும் இடத்தில் மூஞ்சிக்கல் என்றோ ஏழுரோடு என்றோ படித்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பணம் தராசுக்குப் போகட்டும், அதாவது காற்றிலுள்ள துகளை ஃபில்டரில் பிடித்து எடை போடும் முறைக்கு. மிச்சம், ஒளியை வைத்துத் துகளை ஊகிக்கும் மலிவான சென்சருக்கு. பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் நாலைந்து சென்சர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள், எண் சரியா என்ற கேள்வி பிறகு வருகிறது, அப்போது பணம் இருக்காது. சமவெளியில் அப்படிச் செய்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். இங்கே மூடுபனி விடாது.

எவ்வளவு சின்ன எண்ணைத் தேடுகிறோம்

பிஎம்10 என்பது 10 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழும் உள்ள துகள். சாலைத் தூசி, கட்டடத் தூசி, டயர் தேய்மானம் எல்லாம் இதில் வரும். பிஎம்2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். எரிப்பதிலிருந்து வருவது பெரும்பாலும் இதுதான், நுரையீரலின் அடிவரை போவதும் இதுதான். இரண்டையும் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று எடைக் கணக்கில் சொல்கிறோம்.

2009ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை பிஎம்2.5க்கு ஆண்டுச் சராசரி 40, 24 மணி நேரச் சராசரி 60 என்று வைத்திருக்கிறது. பிஎம்10க்கு முறையே 60, 100. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம்2.5க்கு வைத்த எல்லை ஆண்டுக்கு 5, நாளுக்கு 15. மலை ஊரின் எண் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எங்கோ விழும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். அதாவது அரசின் கோட்டுக்குள் இருப்போம், சுகாதார நிறுவனத்தின் கோட்டைத் தாண்டியிருப்போம். அப்படியானால் நமக்குத் தேவை 12க்கும் 25க்கும் வித்தியாசம் சொல்லும் கருவி. 150க்கும் 300க்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய டெல்லிக்கு எந்தக் கருவியும் போதும். சுத்தமான ஊருக்குத்தான் நல்ல கருவி வேண்டும் என்பது கொஞ்சம் அநியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் விஷயம் அப்படித்தான்.

செலவில்லாத மூன்று வழிகள்

ஃபோனில் வானிலை ஆப்பைத் திறந்தால் குன்னூருக்கும் ஒரு காற்றுத்தர எண் இருக்கும். பல ஆப்களில் அது அளந்த எண் கிடையாது, கணினி மாதிரி கணித்த எண். ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் திட்டத்தின் உலகளாவிய கணிப்பு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கட்டங்களாக உலகைப் பிரிக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. 300 மீட்டர் உயரத்து மேட்டுப்பாளையமும் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். அந்தக் கட்டத்துக்கு ஒரே ஒரு எண். அதை வைத்துக்கொண்டு குன்னூர் பெட்ஃபோர்டில் காற்று எப்படி என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

ஆப் எண்ணில் இன்னொரு குழப்பமும் உண்டு. பிஎம்2.5 அளவு 35 என்றால் இந்தியாவின் காற்றுத்தரக் குறியீட்டில் (ஏக்யூஐ) அது 58 ஆகும், ‘திருப்திகரம்’. அதே 35 அமெரிக்கக் குறியீட்டில் 99. இரண்டு பேர் இரண்டு ஆப்பை வைத்துக்கொண்டு சண்டை போடுவதற்கு இது போதும். அதனால் குறியீட்டை விட்டுவிடுங்கள், மைக்ரோகிராமிலேயே பேசுங்கள்.

ஊட்டி பாம்பே கேசிலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அதன் தரவை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நல்ல தரமான கருவி, தொடர்ந்து ஓடுவது, நமக்குச் செலவு இல்லை. ஆனால் அது ஊட்டியின் காற்று. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். ஊட்டி ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஜனவரி இரவில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி, விறகுப் புகையையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். குன்னூர் சரிவின் விளிம்பில் இருக்கிறது, சமவெளிப் புகை மேலேறினால் முதலில் வாங்குவது நாம்தான். இரண்டு ஊர்க் காற்றும் ஒரே நாளில் எதிரெதிராக நடந்துகொள்ள முடியும். அந்த நிலையத்தைப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளலாம், நம் தெருவுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

செயற்கைக்கோளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அது பார்ப்பது தரையிலிருந்து வான் வரை உள்ள மொத்தக் காற்றுத் தூணில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை. மேகம் இருந்தால் பார்க்காது, ராத்திரியிலும் பார்க்காது. நமக்கு வருடத்தில் பாதி மேகம், நம் புகையில் பாதி ராத்திரிப் புகை. சமவெளிப் புகைமூட்டம் எப்போது மலையை நோக்கி நகர்கிறது என்று பெரிய படத்தைப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

சென்சர்: எங்கே நல்லது, எங்கே ஏமாற்றும்

இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான கருவிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி இருக்கும். பிளான்டவர் பிஎம்எஸ்5003, சென்சிரியான் எஸ்பிஎஸ்30, நோவா எஸ்டிஎஸ்011 என்று பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான். ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி துகள்களின் மேல் பட்டுச் சிதறும், சிதறிய ஒளியை எண்ணி இத்தனை மைக்ரோகிராம் இருக்கலாம் என்று கருவி ஊகிக்கும். ஊகம் என்பதை அடிக்கோடிட வேண்டும். கருவி எதையும் எடை போடவில்லை.

இதன் நல்ல குணங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு நிமிடம் எண் தரும். ஒரு சோலார் தகடிலோ ஃபோன் சார்ஜரிலோ ஓடும். ஒரே ஊரில் நாலு இடத்தில் மாட்டலாம். காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் ஏறுகிறதா, ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் ஏறுகிறதா, ஞாயிறு மாலை வண்டிகள் இறங்கும்போது மவுண்ட் ரோட்டில் ஏறுகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் வேறு எந்தக் கருவியும் இந்த விலைக்குப் பதில் சொல்லாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வெயில் அடித்து ஈரம் குறைந்த நாட்களில், ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதில் இவை நன்றாகவே நடந்துகொள்ளும்.

பிறகு மூடுபனி வரும்.

காற்றில் ஈரப்பதம் ஏறினால் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன. அம்மோனியம் சல்ஃபேட் என்ற உப்புத் துகள் காற்றில் சாதாரணமாக இருப்பது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டதும் அது கரைந்து துளியாகிவிடும். 90 சதவீதத்தில் அதன் விட்டம் உலர்ந்த நிலையைப் போல 1.7 மடங்கு, அதாவது பருமன் கிட்டத்தட்ட 5 மடங்கு. துகள் அதேதான், உள்ளே இருக்கும் உப்பின் எடையும் அதேதான், கூடியிருப்பது தண்ணீர். லேசருக்கு அது தெரியாது. விறகுப் புகைத் துகள் இவ்வளவு தண்ணீர் குடிக்காது. அதனால் எவ்வளவு ஊதியது என்பது அன்றைக்குக் காற்றில் உப்பு அதிகமா புகை அதிகமா என்பதைப் பொறுத்தது. ஒரே திருத்தக் கணக்கு எல்லா நாளுக்கும் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

இது ஈரக்காற்றின் கதை. மூடுபனி அதற்கும் மேலே. அடர்ந்த மூடுபனியில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 கிராம் அளவுக்கு நீர்த்துளிகள் இருக்கும். மைக்ரோகிராமில் அது ஒரு லட்சம். நாம் தேடும் துகள் 20 மைக்ரோகிராம். அந்தத் துளிகளில் மிகச் சிறிய பங்கு சென்சருக்குள் நுழைந்தாலும் எண் எங்கேயோ போய்விடும். குன்னூரில் மூடுபனி இறங்கிய மாலையில் ஒரு சென்சர் 150 காட்டினால் அதில் புகை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரிக்க அந்தக் கருவிக்கு வழியே இல்லை. விற்கிற ஆளுக்கும் இல்லை.

‘திருத்தக் கணக்கு போட்டிருக்கிறோம்’ என்று விற்பனையாளர் சொல்வார். பலர் எடுத்துக்கொள்வது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பர்ப்பிள்ஏர் என்ற மலிவான சென்சர் கருவிகளுக்காக உருவாக்கிய கணக்கை. சென்சர் எண்ணை 0.524 ஆல் பெருக்கு, ஈரப்பத சதவீதத்தை 0.0862 ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. போட்டுப் பாருங்கள். சென்சர் 60 காட்டுகிறது, ஈரப்பதம் 40 என்றால் விடை 33.7. ஈரப்பதம் 95 என்றால் 29. காய்ந்த நாளுக்கும் மூடுபனி நாளுக்கும் அது குறைத்துக்கொடுப்பது ஐந்து மைக்ரோகிராம்கூட இல்லை. அமெரிக்க ஊர்களின் சராசரி நிலைக்காக எழுதப்பட்ட கணக்கு அது, அந்த வேலைக்கு நல்லதுதான். ஓட்டுப்பட்டறை மேட்டில் நவம்பர் மாதத்துக்கு அதைப் போடுவதில் பலன் இல்லை.

‘ஈரப்பதம் 85க்கு மேல் போன மணிகளை நீக்கிவிடலாம்’ என்பது அடுத்த யோசனை. சமவெளியில் செய்யலாம். இங்கே அப்படி நீக்கினால் மழைக்காலத்தில் பல வாரங்கள் காலியாகிவிடும். அதோடு, ஈரம் ஏறும் ராத்திரி நேரம்தான் விறகும் எரியும் நேரம். நமக்கு வேண்டிய புகையையே கழுவி ஊற்றியதாகிவிடும்.

உருப்படியான யோசனை ஒன்று உண்டு. காற்று உள்ளே நுழையும் குழாயைச் சற்றே சூடாக்குவது. 12 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துளிகள் வற்றிவிடும், துகள் பழைய அளவுக்குச் சுருங்கும். சூடாக்கும் குழாய் உள்ள கருவிகள் விற்பனைக்கு இருக்கின்றன. விலை கூடுதல், மின்சாரமும் கூடுதல், சோலாரில் ஓட்டுவது கஷ்டம். அளவுக்கு மேல் சூடாக்கினால் விறகுப் புகையில் உள்ள ஆவியாகும் பகுதி பறந்துபோய் எண் குறைவாகக் காட்டும் என்பதும் உண்மை. இருந்தாலும் மலைக்கு வாங்குவதானால் சூட்டுக் குழாய் இல்லாத சென்சரை நான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு ஒரு கருவி குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. இந்தச் சென்சர்கள் பிஎம்10 என்று ஒரு எண்ணையும் காட்டும். அதைப் பார்க்காதீர்கள். பெரிய துகள்களை இவை சரியாகப் பார்ப்பதே இல்லை. சின்னத் துகள்களை எண்ணி, பெரியது இவ்வளவு இருக்கும் என்று நீட்டிச் சொல்கின்றன. உங்கள் புகார் சாலைத் தூசியைப் பற்றியதாகவோ கட்டட வேலையைப் பற்றியதாகவோ இருந்தால் சென்சர் உங்கள் கருவியே கிடையாது. மழைக்குப் பிறகு உள்ளே கூடு கட்டும் சிலந்தியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மாதம் ஒரு முறை திறந்து பார்த்து ஊதிவிடுங்கள்.

தராசு

பழைய முறை இதுதான், இன்றும் கடைசிச் சொல் இதற்குத்தான். ஒரு ஃபில்டரை எடை போட்டு, 24 மணி நேரம் அதன் வழியே காற்றை இழுத்து, திரும்ப எடை போடுவது. எடை போடுவதற்கு முன் ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய அறையில் ஃபில்டரை ஒரு நாள் வைத்திருப்பார்கள். மூடுபனி எவ்வளவு உள்ளே போயிருந்தாலும் அங்கே உலர்ந்துவிடும், தராசில் ஏறுவது துகள் மட்டுமே. மலைக்கு இதுதான் முதல் முறை என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த ஒன்றுதான். சட்டம் ஏற்கும் முறைகளில் இதுவும் ஒன்று என்பது உபரி லாபம்.

ஆனால் ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டு ‘வந்து அளந்து கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் போதாது. பிஎம்10க்கும் பிஎம்2.5க்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. பிஎம்10 எடுக்கும் பெரிய சாம்பிளர் (ஃபில்டர் வழியே காற்றை இழுக்கும் கருவி) நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் இழுக்கும், ஒரு நாளைக்கு 1,500 கன மீட்டருக்கு மேல். காற்றில் 30 மைக்ரோகிராம் இருந்தால் ஃபில்டரில் 47 மில்லிகிராம் சேரும். எந்த ஆய்வகத் தராசும் இதை எடை போட்டுவிடும். பிஎம்2.5 சாம்பிளர் நிமிடத்துக்கு 16.7 லிட்டர்தான் இழுக்கும், நாளைக்கு 24 கன மீட்டர். காற்றில் 20 மைக்ரோகிராம் இருந்தால் ஃபில்டரில் சேர்வது 480 மைக்ரோகிராம், அரை மில்லிகிராம்கூட இல்லை. மழை நாளில் 5 என்றால் வெறும் 120 மைக்ரோகிராம்.

நாலு தசமத் தராசு காட்டும் மிகச் சிறிய அளவு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். அதன் கடைசி இலக்கம் ஒன்று தாவினால் உங்கள் விடையில் 4 மைக்ரோகிராம் தாவும். 12க்கும் 16க்கும் வித்தியாசம் போயே போய்விட்டது. அதனால் ஆய்வகத்திடம் முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது, ‘பிஎம்2.5 ஃபில்டரை எந்தத் தராசில் போடுகிறீர்கள், எத்தனை தசமம்?’ என்பதாக இருக்கட்டும். மைக்ரோகிராம் வரை காட்டும் தராசு என்று பதில் வந்தால் மேலே பேசலாம். இரண்டாவது கேள்வி, களத்துக்குக் கொண்டுபோய்க் காற்று இழுக்காமல் திரும்பக் கொண்டுவரும் வெற்று ஃபில்டரின் எடையையும் அறிக்கையில் தருவீர்களா? கோவையிலிருந்து மலைப்பாதையில் ஏறி இறங்கும் ஃபில்டர் வழியிலேயே எவ்வளவு அழுக்கை வாங்கிக்கொள்கிறது என்று தெரிய வேறு வழி இல்லை. தேசிய அங்கீகாரமான என்ஏபிஎல் சான்று பிஎம்2.5க்குத் தனியாக இருக்கிறதா என்பது மூன்றாவது. சான்றின் பட்டியலில் எந்தெந்தச் சோதனை அடங்கும் என்று எழுதியிருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நாலாவது கேள்வி மலைக்கே உரியது. இங்கே காற்று மெல்லியது. குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 சதவீதம். ‘ஒரு கன மீட்டர்’ என்பது இங்குள்ள காற்றின் கன மீட்டரா, 25 டிகிரி, கடல்மட்ட அழுத்தத்துக்கு மாற்றிய கன மீட்டரா? இங்குள்ள கணக்கில் 20 என்பது மாற்றிய கணக்கில் 24 ஆகிவிடும். இரண்டும் தப்பில்லை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதுதான் தப்பு. சென்னையில் இந்தக் கேள்வியே எழாது, அதனால் கேட்டால் ஆய்வகத்துக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். யோசிக்கட்டும்.

தராசின் குறை என்ன என்பதும் தெரிந்ததே. நாளுக்கு ஒரே ஒரு எண். ராத்திரிப் புகையும் பகல் சுத்தமும் கலந்த சராசரி. எப்போது ஏறியது என்று ஃபில்டர் சொல்லாது. 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும், மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் அந்த நாள் போச்சு. ஆனால் ஃபில்டரைப் பிறகு கார்பனுக்கோ உலோகத்துக்கோ சோதிக்கலாம். விறகா டீசலா என்ற கேள்வி வரும்போது அதற்குத் துப்பு கொடுக்கக்கூடியது இந்தப் பட்டியலிலேயே ஃபில்டர் மட்டும்தான். அந்தச் சோதனைக்குத் தோதான ஃபில்டரை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். கார்பனுக்குக் குவார்ட்ஸ், உலோகத்துக்கு டெஃப்லான்.

நமக்கு எட்டாத கருவி

பாம்பே கேசில் போன்ற அரசு நிலையங்களில் பொதுவாக வைப்பது பீட்டா கதிர்க் கருவி. ஃபில்டர் நாடாவில் தூசி படியப் படிய, கார்பன்-14 விடும் கதிர் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து மணிக்கு ஒரு முறை எடையைச் சொல்லும். உள்நுழையும் காற்றைச் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிடும். தராசின் நேர்மையும் சென்சரின் வேகமும் ஓரளவு சேர்ந்த கருவி. தனியாக வாங்கினாலே பல லட்சம், அறையும் ஏசியும் வாயுக் கருவிகளும் சேர்ந்த முழு நிலையம் என்றால் கோடிக் கணக்கு. நகராட்சி கேட்டு வாங்க வேண்டியது. குன்னூருக்கு ஒன்று வேண்டும் என்று மனு எழுதுங்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

இரண்டு லட்சத்தை எப்படிப் பிரிப்பேன்

போக்குவரத்தோடு சேர்த்து ஒரு பிஎம்2.5 ஃபில்டர் நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 நாளுக்கு ஒரு லட்சம். மிச்சம் ஒரு லட்சத்துக்குச் சூட்டுக் குழாய் உள்ள சென்சர் மூன்று கிடைத்தால் மூன்று, இரண்டுதான் கிடைக்கிறது என்றால் இரண்டு. ஐந்தாறு மலிவுக் கருவி வாங்கி ஊர் முழுக்க மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்.

அந்த 20 நாளையும் வருடம் முழுக்கச் சமமாகத் தூவிவிடாதீர்கள். குன்னூருக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சென்சர் அதிகமாகத் தடுமாறும் மாதங்களும் அவைதான். எட்டு நாளை அங்கே போடுவேன், கனமழை நாளாகப் பார்க்காமல் மூடுபனி நாளாகப் பார்த்து. மழையில் துகள் கழுவப்பட்டு ஃபில்டரில் எடையே ஏறாது, பணம் வீண். ஜனவரி பிப்ரவரியில் ஐந்து, ஏப்ரல் மே சீசனில் ஐந்து, ஜூலையில் இரண்டு. ஒவ்வொரு ஃபில்டர் நாளிலும் எல்லாச் சென்சர்களும் சாம்பிளருக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. பஸ் ஸ்டாண்டில் சாம்பிளரையும் சிம்ஸ் பார்க்கில் சென்சரையும் வைத்து ஒப்பிட்டால் கிடைப்பது இரண்டு இடங்களின் வித்தியாசம், இரண்டு கருவிகளின் வித்தியாசம் கிடையாது.

முடிவில் ஒரு கிராஃப் தாளில் குறுக்கே சென்சரின் நாள் சராசரி, நெடுக்கே ஃபில்டர் எடை. காய்ந்த நாளுக்கு ஒரு நிறம், ஈர நாளுக்கு ஒரு நிறம். பெரும்பாலும் இரண்டு தனிக் கோடுகள் விழும். குன்னூருக்கான திருத்தக் கணக்கு அந்த இரண்டு கோடுகள்தான், அதை வேறு யாரும் நமக்கு விற்க முடியாது. ஊட்டி நிலையத்தின் பக்கத்தில் ஒரு சென்சரைச் சில வாரம் வைக்க அனுமதி கேட்டு வாரியத்துக்குக் கடிதமும் எழுதலாம். கிடைத்தால் மணிவாரியாக ஒப்பிடலாம். கிடைக்காவிட்டாலும் திட்டம் நிற்காது.

ஃபில்டர் நாட்கள் போக மற்ற நாட்களில் ஒரு சென்சர் பஸ் ஸ்டாண்ட் சுற்றில், ஒன்று டீ ஃபேக்டரி பக்கமுள்ள பள்ளத்துக் குடியிருப்பில், மூன்றாவது இருந்தால் போக்குவரத்து இல்லாத மேட்டில். தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல், 10 மீட்டருக்குள். டீக்கடைக் கூரைக்கு மேல் வைத்துவிட்டு ஊர் கெட்டுவிட்டது என்று அலறக் கூடாது.

இந்தப் பிரிப்பை நான் மாற்றும் இடங்களும் உண்டு. ஒரு பள்ளிக்கு, எந்த மணியில் பிள்ளைகளை மைதானத்தில் விடலாம் என்பது மட்டும்தான் கேள்வி என்றால் ஜனவரி முதல் மே வரை ஒரே ஒரு சென்சர் போதும், ஃபில்டர் வேண்டாம். ஏற்ற இறக்கம்தான் அங்கே விடை. எதிர் முனையில், ஒரு குறிப்பிட்ட புகைபோக்கியையோ கட்டட வேலையையோ எதிர்த்துக் கலெக்டரிடமோ பசுமைத் தீர்ப்பாயத்திடமோ போவதானால் சென்சரில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். சான்று பெற்ற ஆய்வகத்தின் ஃபில்டர் எடை, காற்று வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு. தூசிப் புகார் என்றால் பிஎம்10 எடுங்கள், தராசுக் கவலையும் குறையும்.

மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததால் காற்று மாறியதா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வந்தது, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதற்கு முன்னால் நாம் நம் தெருவில் அளந்து வைக்காததால் முன்-பின் ஒப்பீடு போய்விட்டது. செய்யக்கூடியது வார நாளையும் வார இறுதியையும் ஒப்பிடுவது. அதற்குச் சென்சரே சரி, காய்ந்த மாதங்களில், பல வாரங்களுக்கு. உள்ளூர் வண்டிகளும் அரசு பஸ்களும் அந்த வரம்பில் சேராது என்பதை மறக்காமல், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே ஒரு நீண்ட விடுமுறையை வைத்துக் கட்டுரை எழுதிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு செலவைத் தடுத்துவைக்கச் சொல்வேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பெரிய எல்இடி போர்டு வைத்து எண்ணை ஓடவிடலாம் என்பார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஈரக் கோடும் காய்ந்த கோடும் கையில் வருவதற்கு முன்னால் வைத்தால், மூடுபனி இறங்கிய முதல் மாலையே போர்டு 180 காட்டும், மறுநாள் காட்டேஜ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அதற்கப்புறம் நீங்கள் ஃபில்டர் எடையைக் காட்டினாலும் நம்ப ஆள் இருக்காது. போர்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.